பதினேழாம் தாள்

குத்தாலிங்கம் வண்டியை விட்டு இறங்கி ஐந்து மாதம் ஆயிற்று. வண்டி ஒன்றும் அவன் சொந்தம் இல்லை. தென்காசியில் கிளம்பி குற்றாலம், செங்கோட்டை, பண்பொழி என்று போய்த் திரும்புகிற கம்பெனி பஸ்தான். ஆனால் பதினாறு வருஷம் அந்த ரூட்டில் ஸ்டியரிங் பிடித்தவனிடம் போய் அது உன் வண்டி இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் கிணற்றடியில் அப்படியே சரிந்தான். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. தெருவே கூடி உச்சுக் கொட்டியது. அவன் பெண்டாட்டி சொக்கம்மாள் யாருடைய உச்சுக்கும் காது கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடத்தினாள், தைலம் தேய்த்தாள், பிள்ளைக்கு நடை பழக்குவதுபோல் பழக்கினாள். ஆடி பிறப்பதற்குள் கையும் காலும் திரும்பிவிட்டன. நிறைகுடத்தை இடது கையால் தூக்கி, கம்பெனி வாசலில் மானேஜர் பால்வண்ணநாதன் முன்னால் வைத்துக் காட்டினான் குத்தாலிங்கம்.

"குடத்தைத் தூக்குறது இருக்கட்டும்வே. அறுபது உசிரு ஏறுற வண்டி. ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாரும், சாவியைத் தாரேன்" என்றார் மானேஜர்.

அங்கேதான் வந்தது வினை. பெரிய டாக்டர் எழுதித் தருவார் என்று போனால், அவர் குத்தாலிங்கத்தை ரெபேக்காளிடம் அனுப்பிவிட்டார். ரெபேக்காள் சுரண்டைப் பக்கத்துக் கடைக்காரர் மகள். பம்பாய்க்குப் போய்ப் படித்தவள். நோவில் விழுந்து எழுந்தவர்கள் பழைய வேலைக்குத் திரும்பலாமா என்று பார்ப்பதும், இன்னும் முடியாதென்றால் அதற்குப் பழக்கிவிடுவதும் அவள் வேலை. அதற்கு ஆயிரம் மரக்கட்டைகளும் படத்தாள்களும் வைத்திருந்ததால் ஊரில் அவளுக்குக் கட்டையம்மா என்று பெயர்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். தாள் முழுக்கப் பூ, குடை, மீன் என்று பொடிப் பொடிப் படங்கள். அதில் மீன் மட்டும் அறுபது. மீனைக் கண்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான். குத்தாலிங்கம் சிரித்துக்கொண்டே போட்டான். அவள் எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று மீன் விட்டுப் போயிருந்தது. அத்தனையும் தாளின் இடது பக்கம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றாள் ரெபேக்காள். "கண்ணு பாத்ததை மூளை வாங்கணும்லா? இடது பக்கத்துல உள்ளதை அது வாங்காம விட்டுருதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"எனக்குப் புத்தி பெசகிக் கோட்டி பிடிச்சிட்டுன்னு சொல்லுதியளாம்மா?"

"ஐயோ, அது இல்ல. நீங்க பாஸா ஃபெயிலான்னே எனக்கு இன்னும் சொல்லத் தெரியலை. சீமைப் புஸ்தகத்துல, சொகமா இருக்கிற ஆளு ஒண்ணோ ரெண்டோதான் விடுவான்னு போட்டிருக்கு. அது அந்த ஊரு ஆளுக்கு, தினமும் பென்சிலும் பேப்பருமா இருக்கிறவனுக்கு. நீங்க பென்சிலைத் தொட்டு எத்தனை வருஷம் இருக்கும்? அந்தக் கணக்கை வச்சு உங்க சோத்துல மண்ணைப் போடுறது நியாயமில்ல."

"பொறவு என்னதான் செய்யணுங்கிய?"

"உங்களை மாதிரி, உங்க வயசு, உங்க படிப்பு, நோவு நொடி இல்லாத டிரைவர் இருவது பேரைக் கூட்டிட்டு வாங்க. அவங்க எப்படிப் போடுதாங்கன்னு பாத்து இந்த ஊருக்குன்னு ஒரு கோடு போடுவேன். நீங்க அந்தக் கோட்டுக்கு உள்ள வந்துட்டா நானே எழுதித் தாரேன்."

நல்ல மனுஷிதான். வேறு எவளாயிருந்தாலும் புஸ்தகத்தைப் புரட்டி, போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பியிருப்பாள். ஆனால் குத்தாலிங்கத்தின் புத்தி அந்த நிமிஷமே குறுக்கே ஓடியது. கோடு போடப் போகிறது யாரை வைத்து? நம்ம பயல்களை வைத்து. பிறகு என்ன கவலை?

கூடத் துணைக்கு வந்திருந்தவன் ஆதித்தன். அதே கம்பெனி டிரைவர், குத்தாலிங்கத்துக்கு ஐந்து வயது இளையவன். பதினைந்து வருஷமாக இருவரும் குற்றாலத்தில் ஒரே ஓட்டலில் பக்கத்துப் பக்கத்து இலையில் கை நனைத்தவர்கள். இப்போது குத்தாலிங்கத்தின் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவனும் அவன்தான். வெளியே வரும்போது ஆதித்தன் மட்டும் பின்தங்கி கட்டையம்மாவிடம் என்னவோ கேட்டுக்கொண்டு நின்றான். குத்தாலிங்கம் வாசலில் நின்று, "என்னலே அங்கன பேச்சு, வாலே" என்று சத்தம் போட்டபிறகுதான் வந்தான்.

அன்று சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாநாடு கூடியது. இருபது டிரைவர். சாரல் காலம், குற்றாலத்துக்குக் கூட்டம் பிதுங்குகிற நேரம். அப்படியும் குத்தாலிங்கம் அண்ணாச்சிக்காக ஆளுக்கொரு டிரிப்பை அங்கே இங்கே மாற்றிவிட்டு வந்திருந்தார்கள். "பைய, அவசரமில்லாம கோடு போடுங்க. ஆளுக்கு இருவது, இருவத்தஞ்சு மீனை விட்டுருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான் குத்தாலிங்கம். நல்லகண்ணு என்று ஒருவன், செங்கோட்டை லாரிக்காரன், நெஞ்சில் அறைந்துகொண்டான். "உமக்காக உசிரை விடச் சொன்னாலும் விடுவோம், மீனையா விடமாட்டோம்? குற்றாலநாதர் மேல ஆணை!" எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஆதித்தன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றான். அது என்ன பேச்சு, பாத்துக்கிடலாம் என்று? குத்தாலிங்கத்துக்கு அப்போதே சுருக்கென்றது.

வீட்டிலே வேறு ஒரு தினப்படி சண்டை ஓடிக்கொண்டிருந்தது. "ஏட்டி, ஊறுகாய் வைக்கணும்னு தோணலையா? கூட்டு எங்க?" என்பான். சொக்கம்மாள் வந்து இலையைச் சுற்றித் திருப்பி வைப்பாள். ஊறுகாயும் கூட்டும் முதலிலிருந்தே இலையின் இடது ஓரத்தில் இருந்திருக்கும். "நான் தலையைக் குனிஞ்ச நேரத்துல வச்சிட்டியா?" என்று எகிறுவான். அவள் அடுக்களைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவனுக்கு அதுவும் தெரியாது.

பரீட்சை ஒரு வாரம் நடந்தது. நாளைக்கு மூன்று பேர், நான்கு பேர். தாளில் பெயர் கிடையாது, நம்பர்தான். குத்தாலிங்கம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்தான். உள்ளே போனவன் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தான். வந்தவன் இவனைப் பார்த்துக் கண்ணடித்தான். மரத்தின் அந்தப் பக்கம் போய், "எனக்கு ஒண்ணேமுக்கால் நிமிஷம், ஒனக்கு எவ்வளவுலே?" என்று அடுத்தவனிடம் கேட்டான். காதில் விழுந்தது. விழுந்தும் குத்தாலிங்கம் நம்பவில்லை. சத்தியம் பண்ணின பயல்கள் அல்லவா!

ஆதித்தன் பதினேழாவதாகப் போனான். அவன் மட்டும் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவன் குத்தாலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், "டிரிப்புக்கு நேரமாச்சு" என்று நழுவினான்.

அடுத்த வாரம் ரெபேக்காள் கூப்பிட்டனுப்பினாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இன்னும் முடியலை அண்ணாச்சி. ஒரு தாளு சந்தேகத்துல நிக்குது, அதை விசாரிக்கச் சொல்லியிருக்கேன். மத்த பத்தொம்பது பேருல அதிகமா விட்டவன் நாலு மீனு விட்டிருக்கான். பாதிப் பேரு ஒண்ணைக்கூட விடலை."

"ஒண்ணைக்கூட விடலையா?"

"ஆமா. நம்ம ஊரு டிரைவருங்க சீமைக்காரனைவிட ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

குத்தாலிங்கத்தின் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வழியில் இடது பக்கம் நின்ற ஒரு இளநீர் வண்டியில் தோள் இடித்து, வண்டிக்காரன் கன்னாபின்னாவென்று ஏசியதுகூட உறைக்கவில்லை. நேராகப் போய் நல்லகண்ணுவின் சட்டையைப் பிடித்தான்.

"ஆணை போட்டியேலே மூதி, எத்தனை விட்ட?"

நல்லகண்ணு விழித்தான். "அண்ணாச்சி, கையை எடும். நான் ஒருத்தன் ஒழுங்காப் போட்டா என்ன, மத்தவனுவ விடத்தானே போறானுவன்னு நினைச்சேன். அந்தம்மா கையில கடியாரத்தை வச்சிக்கிட்டு எதுத்தாப்புல உக்காந்திருக்கு. பொம்பளை முன்னால ஒரு மீனு கண்ணுக்குத் தெரியலைன்னா நம்மளைக் கோட்டிக்காரன்னுல்லா எழுதிருவா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். எல்லோரும் நினைத்தது அதேதான். மற்றவன் விடுவான், நாம் மட்டும் ஜெயித்துக்கொள்வோம். இருபது பேரும் இப்படியே கணக்குப் போட்டால் விளங்குமா?

"அதுவும் போக," என்று இழுத்தான் நல்லகண்ணு, "ஆதித்தன்தான் சொன்னான். நீங்க எல்லாவனும் நல்லபடியாவே போடுங்கடேன்னு. தனித்தனியாக் கூப்பிட்டுச் சொன்னான். வேணும்னா கேட்டுப் பாரும்."

"ஆமா அண்ணாச்சி, எங்கிட்டயும் சொன்னான்" என்றான் இன்னொருவன்.

குத்தாலிங்கத்தின் கை தானாக நழுவியது. ஓகோ! அப்படியா சங்கதி? கட்டையம்மாவிடம் தனியே நின்று குசுகுசுத்தது, பாத்துக்கிடலாம் என்றது, முகத்தைப் பார்க்காமல் ஓடியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. யாருக்கு லாபம்? வண்டி யார் கையில் இருக்கிறது? பக்கத்து இலையில் உட்கார்ந்து தின்றுகொண்டே கழுத்தை அறுத்திருக்கிறான் பாவி. அன்று ராத்திரி சொக்கம்மாள் போட்ட சோற்றில் அவன் கை வைக்கவில்லை. "பதினஞ்சு வருஷம்டி, பதினஞ்சு வருஷம்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மானேஜர் பால்வண்ணநாதன் மேஜைமேல் ஒரு கடிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து நம்ம ஆதித்தனைப் பத்திக் கேட்டிருக்காங்கவே. முன்ன ஏதும் நோவு உண்டுமா, தலைசுத்தல் உண்டுமா, இடது பக்கம் வண்டியைக் கொண்டு இடிச்சது கிடிச்சது உண்டுமான்னு. அவனை நல்லாத் தெரிஞ்ச ஆளுன்னு உம்ம பேரைத்தான் அங்க ஃபாரத்துல குடுத்திருக்கான் போலுக்கு. உள்ளதைச் சொல்லும்."

எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டானா? ஆங்காரம் கண்ணை மறைத்தால் மனுஷன் எதைக் கேட்பான்? போன வருஷம் சாரலில், ஐந்தருவி ரோட்டில் எதிரே ஒன்றும் தெரியாத மழையில், ஆதித்தன் ஓட்டிய வண்டி ஒரு வில்வண்டியின் சக்கரத்தை லேசாக உரசியது. யார் ஓட்டினாலும் உரசியிருக்கும். அதை எடுத்தான். "இடது பக்கம் அவனுக்கு எப்பவுமே சரியாத் தெரியாது. நானும் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அப்பப்போ கிறுகிறுன்னு வருதுன்னும் சொல்லுவான். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிருமேன்னு நான்தான் மூடி வச்சிருந்தேன்" என்றான். பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம். கணக்குப்பிள்ளை எழுதினார். குத்தாலிங்கம் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஐந்து மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானதுபோல் இருந்தது.

மத்தியானமே ஆதித்தனிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ரெபேக்காள் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு தாளை அவன் முன்னால் வைத்தாள். "உங்களுக்குக் காட்டக் கூடாதுதான். ஆனாலும் இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்கீங்க, காரணத்தைத் தெரிஞ்சிக்கிடணும். இது உங்க தாளு. இது பதினேழாம் நம்பரு."

குத்தாலிங்கம் பார்த்தான். அவள் விரலால் இடது ஓரத்துக்கு இழுத்துக் காட்டிய பிறகு சரியாகப் பார்த்தான். இரண்டு தாளும் ஒன்றுபோலவே இருந்தன. வலது பக்கத்தில் ஒரு மீன் பாக்கியில்லை. இடது பக்கத்தில் கோடு இல்லை என்றே சொல்லலாம். பதினேழாம் தாளில் விட்டது இருபத்து நான்கு.

"இருவது பேருல இந்த ஒருத்தர்தான் இப்படி. எனக்கு ஒண்ணும் ஓடலை. பெரிய டாக்டர்கிட்டக் காட்டுனேன். நரம்புல ஒரு குறையும் இல்ல, கல்லு மாதிரி இருக்கான்னுட்டாரு. முன்ன நோவு ஒண்ணும் இல்லைன்னு கம்பெனியில எழுதிட்டா அவரையும் சேத்துக்கிட வேண்டியதுதான்னு இருந்தேன்."

"சேத்தா?"

"கோடு எங்க போடுவேன்னு நெனைக்கீங்க? சொகமா இருக்கிறவங்கள்ல யாரு கடைசியோ அங்க. அவரு முதல் நாளே எங்கிட்டத் தனியாக் கேட்டாரு. இருவது பேருல யாரை வச்சும்மா கோடு போடுவீகன்னு. கடைசி ஆளை வச்சுன்னு சொன்னேன். இவரு சொகமான ஆளுன்னு ஆயிட்டா கோடு இருவத்து நாலுக்குப் போயிரும். நீங்க இருவத்து மூணு. உள்ள வந்துருப்பீங்க." அவள் ஒரு கடிதத்தை எடுத்தாள். "ஆனா கம்பெனியில இருந்து இது வந்துட்டு. அவருக்கு ரொம்ப நாளாவே இடது பக்கம் தெரியாதாம், தலைசுத்தல் உண்டாம். நோவு உள்ளவரை நான் எப்படிச் சேக்க முடியும்? அவரு தாளைத் தள்ளிட்டேன். கீழ உங்க கையெழுத்துதானே அண்ணாச்சி?"

குத்தாலிங்கத்துக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. எல்லாரும் மீனை விட்டால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒருத்தன் விட்டால் போதும். அந்த ஒருத்தனாக ஆதித்தன் தானே இருந்துகொண்டு, மற்றவனையெல்லாம் ஒழுங்காகப் போடச் சொல்லியிருக்கிறான். பதினைந்து வருஷம் பக்கத்து இலையில் உட்கார்ந்தவனுக்கு, இந்த ஐந்து மாதமாக நோவு விசாரிக்க வந்து கூடச் சாப்பிட்டபோதெல்லாம் இவன் இலையில் எந்தப் பக்கம் சோறு மிஞ்சுகிறது என்று தெரியாதா? அதைப் பார்த்துத் தாளில் அப்படியே இறக்கியிருக்கிறான். தன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றைக்கே டீக்கடை முழுக்கத் தெரிந்திருக்கும். தன் வாய் தனக்குத் தெரியாதா?

"அம்மா, அவனுக்கு ஒரு நோவும் இல்ல. எனக்காக வேணும்னே விட்டிருக்கான். அவன் என் கழுத்தை அறுத்துட்டான்னு நெனைச்சு நான் பொய் சொல்லிட்டேன்" என்றான். பிறகு டீக்கடை, சத்தியம், எல்லாவற்றையும் கொட்டினான்.

ரெபேக்காள் நாற்காலியில் சாய்ந்தாள். இரண்டு தாளையும் மடித்து ஓரமாக வைத்தாள். "புஸ்தகத்துல உள்ளதைப் பாத்து முதல் நாளே உங்களை அனுப்பியிருக்கலாம். நம்ம சனத்துக்கு நம்ம கணக்கு வேணும்னு ஒரு வாரம் உக்காந்தேன். நீங்க இருவத்தொரு பேரும் சேந்து என்னை ஏமாத்தப் பாத்திருக்கீங்க. அறுவது பேரை ஏத்திக்கிட்டு மழையில மலை ரோட்டுல போவீங்களா? இடது பக்கம் பள்ளம்னா?"

"என்னை விடுங்கம்மா. அவன் சாவியைத் திருப்பி வாங்கிக் குடுங்க" என்றான்.

அவள் ஆள் அனுப்பினாள். ஆதித்தன் மறுநாள் காலையில் வந்தான். மூன்று நாள் தாடி. குத்தாலிங்கம் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து, "எலே ஆதித்தா" என்றான். ஆதித்தன் திரும்பவில்லை. கம்பெனியில் அந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். கையெழுத்தையும் காட்டியிருந்தார்கள்.

ரெபேக்காள் கடியாரத்தை வைத்துக்கொண்டு புதுத் தாளைக் கொடுத்தாள். ஆதித்தன் குனிந்து இடது மேல் மூலையில் ஆரம்பித்தான். ஒன்றரை நிமிஷத்தில் அறுபது மீனும் முடிந்தது. அவன் சுகமான ஆள் என்று அவள் அங்கேயே மானேஜருக்கு எழுதி உறையில் போட்டாள். ஊருக்கான கோடு நாலு மீனிலேயே நின்றது. குத்தாலிங்கத்தின் வண்டி அதோடு போயிற்று. அதைக் கேட்டு அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் ஆதித்தனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுத் தாளுக்குப் புதுசா ஒரு ஃபாரம் எழுதணும்" என்றாள் ரெபேக்காள். பெயர், வயசு, படிப்பு எல்லாம் கேட்டு எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். "உங்களை நல்லாத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பேரு வேணும். முன்ன குடுத்த பேரையே எழுதட்டுமா?"

"வேண்டாம்மா" என்றான் ஆதித்தன்.

"பொறவு யாரை எழுத?"

ஆதித்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "அப்படி யாரும் இல்லன்னு எழுதுங்க" என்றான்.